எலுமிச்சையில் வேகாத மீன்

நொங் பூவா, 4 செப்டம்பர் 1994

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். கண் மஞ்சளான மூன்றே மாதத்தில் உங்கள் அண்ணன் போய்விட்டார். பித்தக்குழாயில் புற்று. பச்சை மீனில் வருகிற புழு வருஷக்கணக்கில் ஈரலில் குடியிருந்து செய்கிற வேலை என்கிறாள் சுகாதார நிலையத்து நர்ஸ். எனக்கும் புழு இருந்தது, மாத்திரை தின்றேன். இனி நம் வீட்டில் மீன் வெந்துதான் தட்டுக்கு வரும். ஊருக்கு வந்ததும் பச்சை மீன் கோய் கேட்காதீர்கள்.

சான்பெங்

தைவான், 29 செப்டம்பர்

என் சான்பெங்குக்கு,

அண்ணனை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை. அதற்காக மீனையா பகைத்துக்கொள்வது? மூன்று வருஷமாக இந்தப் பட்டறையில் வேகிறேன். கொத்திய பச்சை மீன், மிளகாய், வறுத்த அரிசிப் பொடி. அந்தக் கோய் நினைப்பில்தான் நாள் ஓடுகிறது. எலுமிச்சை பிழிந்தாலே மீன் வெந்துவிடுமே, புழு எங்கே பிழைக்கும்? மிஞ்சினால் மறுநாள் மாத்திரை. நீ செய்யாவிட்டால் என் கூட்டாளி தோங்தீயின் வயல் குடிசையில் செய்வார்கள். கோபித்துக்கொள்ளாதே.

பூன்லாய்

நொங் பூவா, 18 அக்டோபர்

அன்புள்ளவருக்கு,

கோபம்தான். உங்கள் அண்ணனும் நாலு தடவை மாத்திரை தின்றார், தின்ற வாரமே மறுபடி கோய். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீனை நர்ஸ் பூதக்கண்ணாடிக் கருவியில் காட்டினாள். புழு உறைக்குள் சௌக்கியமாக நெளிகிறது. “அப்பா வந்தா எனக்கும் ஒரு வாய் ஊட்டுவாராம்மா?” என்று ஏழு வயது மகள் கேட்கிறாள். என் உயிர் இருக்கும்வரை அது நடக்காது. அண்ணன் படுக்கையில் கிடந்த கிடையைப் பார்த்தவள் நான். உங்களை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பயமாக இருக்கிறது.

சான்பெங்

வீட்டிலிருந்து, 11 டிசம்பர்

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தோங்தீ கூட்டம் உங்களை நேரே வயல் குடிசைக்கு இழுத்துப் போய்விட்டார்களாமே. மகள் வாசலிலேயே நிற்கிறாள். இங்கே மீன் கொதிக்கிறது. இந்தச் சீட்டைக் கொடுத்தனுப்ப ஆள் தேடினேன். உங்கள் அண்ணிதான், “நானே போறேன். அவனுங்க மூஞ்சிய நான் பாக்கணும்” என்று கை நீட்டி நிற்கிறாள்.

சா.

அதே தாளின் பின்பக்கம்

சான்பெங்,

அண்ணி வந்து சீட்டைக் கொடுத்தாள். யாரையும் திட்டவில்லை. என்னைப் பார்த்து, “உங்க அண்ணன் எப்பவும் இதே எடத்துலதான் உக்காருவாரு” என்றாள், அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன். இன்னும் சட்டியில் கை வைக்கவில்லை, மகள் மேல் ஆணை.

“பொண்டாட்டிக்குப் பயந்தவனே” என்கிறான் தோங்தீ. ஆமடா என்றேன். கோய்ச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வரப்போகிறேன். இங்கே இருக்கிற ஆறு பேரும் திட்டிக்கொண்டே பின்னால் வருவார்கள். அண்ணி இந்தச் சீட்டோடு முன்னால் வருகிறாள். பெரிய சட்டியாக அடுப்பில் ஏற்று.

பூன்லாய்