மங்குஸ்தான் பெட்டியின் மேல்பக்கம்

தேக்கா மார்க்கெட், சிங்கப்பூர்
12-2-1961

செல்ல மருமகள் சிவகாமசுந்தரிக்கு உன் தாய்மாமன் சேதுபதி எழுதுவது. நானும் முத்தாயி அத்தையும் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு. உன்னைப் பார்த்தால் சரியாகிவிடுமாம், எழுதச் சொன்னாள்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பழத்துக்குப் பெட்டி செய்யப் படிக்கிறாய் என்பது புரிந்தது. மற்றது பிடிபடவில்லை. "பெட்டி செய்ய தச்சன் போதாதா, இதுக்கு ஏன் புள்ளைய லண்டனுக்கு அனுப்புனீங்க?" என்கிறாள் முத்தாயி. "அது டிசைன், ஒனக்குப் புரியாது" என்று அடக்கிவிட்டேன். என்னவென்று எனக்கும் ஒரு வரி எழுது.

கடை எப்படி என்று கேட்டாய். நீ பார்த்த பலகைக் கடை என்று நினைக்காதே. இப்போது கண்ணாடி அலமாரி, கலர் விளக்கு, உட்கார நாற்காலி எல்லாம் உண்டு. துரைசானிகள் காரை நிறுத்திவிட்டு வருகிறார்கள். பழத்தைத் தொடுவதுகூட இல்லை, சேதுபதி கொடுத்தால் சரி என்று வாங்கிப் போகிறார்கள். மங்குஸ்தான் என்ன அளவு என்றும் கேட்டிருந்தாய். மற்ற கடைகளில் எலுமிச்சை அளவு. நம் கடையில் தேங்காய்க்குக் கொஞ்சம் சிறிசு.

அன்பு மாமன்,
சேதுபதி

லண்டன்
3-3-1961

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் சுகம். குளிர் மட்டும் விடவில்லை.

தேங்காய்க்குக் கொஞ்சம் சிறிய பழத்துக்கு என்னால் பெட்டி வரைய முடியவில்லை, மாமா. ஒரு பழத்தை நூலால் சுற்றி, அந்த நூலை அப்படியே வெட்டி உறையில் அனுப்புங்கள். இங்கே மங்குஸ்தான் கிடைக்காது. களிமண்ணை உருட்டி ஊதா சாயம் பூசி, தலையில் பச்சைத் துணி ஒட்டி, அதைப் பார்த்துத்தான் வரைகிறேன். பக்கத்து அறைப் பெண் வெங்காயமா என்று கேட்டாள்.

அட்டைப் பெட்டி செய்கிறேன். பச்சைக் காம்பு தெரிய, மேல் மூடியில் கண்ணாடித்தாள். பக்கவாட்டில் இங்கிலீஷில் உங்கள் பெயர். கடையில் எப்படி அடுக்கிக் காட்டுவது என்பதும் என் பாடம்தான். இந்தப் பெட்டி நிஜக் கடையில், உங்கள் கடையில், விற்க வேண்டும். விற்காவிட்டால் பட்டயம் இல்லை, உபகாரச் சம்பளமும் நின்றுவிடும். படிப்பை முடிக்காமல் கப்பலேற வேண்டியதுதான்.

கண்ணாடி அலமாரி எத்தனை அடி உயரம்? அம்மா தன் கடிதத்தில் பலகை என்றே எழுதுகிறாள். எதை நம்பி வரைவது என்று குழப்பமாக இருக்கிறது.

உங்கள் மருமகள்,
சிவகாமி

தேக்கா
18-6-1961

செல்லமே,

நான் அப்போதே அனுப்பிய நூல் கிடைத்திருக்கும். உன் பார்சலும் வந்து சேர்ந்தது. பிரித்தால் எல்லாம் தட்டையாகக் கிடந்தது. கப்பலில் நசுக்கிவிட்டான்களே என்று தபாலாபீசில் போய் ஒரு பிடி பிடித்தேன். அங்கே மேசையில் எழுதிக்கொண்டிருந்த கிராணி அட்டையை மடித்துப் பெட்டியாக்கிக் காட்டினான். எனக்கு முன்பே தெரியும். அவனுக்குத் தெரியுமா என்று பார்த்தேன்.

வியாபாரத்தை எப்படிச் சொல்வேன். சிராங்கூன் ரோடு முழுக்க வரிசை. போலீஸ் வந்துதான் ஒழுங்கு பண்ணினார்கள். பெட்டி எங்கே கிடைக்கும் என்று தஞ்சோங் பகாரிலிருந்து ஆள் வந்து கேட்டது. ஸ்டூடியோக்காரரை அழைத்துப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். உன் வாத்தியாரம்மாவிடம் காட்டு, அசந்துபோவாள். கையில் பெட்டியோடு நிற்பது நம் வாடிக்கைக்காரி மைமூன்.

மாமன்,
சேதுபதி

லண்டன்
1-7-1961

அன்புள்ள மாமாவுக்கு,

படம் கிடைத்தது. நீங்கள் இளைத்திருக்கிறீர்கள்.

மாமா, பெட்டிகள் எல்லாமே தலைகீழாக இருக்கின்றன. நான் வரைந்த எழுத்துகள் காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கண்ணாடித்தாள் பலகையில் பதிந்திருக்கிறது. ஆம், பலகைதான். அலமாரியைக் காணோம். ஆசிரியை பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "வேண்டுமென்றே செய்ததா, தவறா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

இருபதாம் தேதி பரீட்சைக் குழுவின் முன் நிற்க வேண்டும். படத்தில் வரிசை இல்லை, போலீஸ் இல்லை. மைமூன் அக்கா மட்டும் பெட்டிக்குள் விரலை விட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார். அவர் என்ன செய்கிறார்? அதை மட்டும் எழுதுங்கள். உடனே எழுதுங்கள், மாமா.

சிவகாமி

தேக்கா
9-7-1961

மருமகளே,

பதற வேண்டாம். உலகம் உருண்டை. லண்டனில் மேலே இருப்பது இங்கே கீழே இருக்கும். இதை உன் வாத்தியாரம்மாவிடம் சொல். எழுத்தும் நான் தெரிந்தே கவிழ்த்ததுதான். நேராக இருந்தால் சட்டென்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள். கவிழ்ந்திருந்தால் நின்று பார்ப்பார்கள். இது வியாபார மூளை.

மைமூன் சங்கதி கேட்டாய். முதல் நாள் பெட்டிகளைப் பார்த்ததும், "என்னண்ணே, பழத்தையெல்லாம் ஜெயில்ல போட்டுட்டீங்க?" என்றாள்.

"லண்டன் பெட்டி. அப்படியே எடுத்துட்டுப் போ" என்றேன்.

"லண்டனா இருந்தா என்னலா, அடிப்பூவ எண்ணாம எப்படி வாங்குறது? மூடி வச்சா சொத்தைன்னுதான் நெனப்பாங்க" என்று பெட்டியைத் திருப்பினாள். மூடி கழன்று பழமெல்லாம் உருண்டு பக்கத்துக் கடை இப்ராஹீம் பாயின் மீன் கூடைக்குள் விழுந்தது. அடியில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்பது அவளுக்குத் தெரியாதா. அதன் பிறகு வந்தவர்களும் திருப்பினார்கள். ஆகவே நான் கத்தியை எடுத்து எல்லாப் பெட்டிக்கும் அடியை வெட்டி, கவிழ்த்து வைத்தேன். பூ மேலே வந்துவிட்டது. விரலால் அமுக்கிப் பார்க்கவும் வசதி. அதற்குப் பிறகுதான் வரிசையும் போலீஸும். முழுக்க என் சொந்த யோசனை.

சேதுபதி

லண்டன்
27-9-1961

அன்புள்ள மாமாவுக்கு,

தேறிவிட்டேன்.

துரைசானிகளையும் போலீஸையும் உருண்டை உலகத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, மைமூன் அக்கா பேசியதையும் உங்கள் கத்தியையும் மட்டும் குழுவுக்குச் சொன்னேன். பெட்டியைத் திருத்தச் சொல்லி அவகாசம் கொடுத்தார்கள். திருத்தியதற்குத்தான் பட்டயம். நானும் மங்குஸ்தானைத் திருப்பிப் பார்த்து எண்ணிய பிள்ளைதானே. களிமண் உருண்டைக்கு அடியில் பூ வைக்க மறந்துபோனேன்.

புதுப் பெட்டிகள் கப்பலில் வருகின்றன. தட்டையாகத்தான் இருக்கும், தபாலாபீசுக்குப் போகாதீர்கள். மூடி கிடையாது, பழத்தின் அடிப்பூ மேலே இருக்கும். பலகையில் படிப்படியாக அடுக்கும் விதத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன். எழுத்தையும் மாற்றிவிட்டேன். தமிழ்தான் அந்த அட்டைக்கு அழகாக இருந்தது.

வைகாசிக்குள் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சிவகாமி

தேக்கா
3-12-1961

செல்ல மருமகளுக்கு,

பெட்டிகள் வந்தன. நானே மடித்தேன்.

இங்கிலீஷ் இல்லையே என்று முதலில் எனக்கு மனத்தாங்கல்தான். லண்டன் பெட்டி வருகிறது என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இப்ராஹீம் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சேதுபதி, ஒங்க லண்டன் தமிழ் பேசுது" என்று சிரித்தார். நீ வரைந்த படத்தைப் பார்த்துப் படிப்படியாக அடுக்கினேன். எது மேல்பக்கம் என்று இந்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மைமூன் வந்தாள். பூவை எண்ணினாள். ஒரு பெட்டி எடுத்துக்கொண்டாள். "என்னண்ணே எழுதியிருக்கு?" என்றாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சேதுபதி பழக்கடை, தேக்கா. பூவை எண்ணி வாங்கவும்" என்று வாசித்துச் சொன்னேன். இப்ராஹீம் பாய்க்கும் வாசித்தேன். கடை கட்டும்போது, யாரும் கேட்காமல், இன்னொரு தரம் வாசித்தேன்.

வரிசையில் யாரும் நிற்கவில்லை. போலீஸ் வரவில்லை. பெட்டியெல்லாம் விற்றுப்போயிற்று.

சீக்கிரம் வா.

உன் மாமன்,
சேதுபதி