பதினோரு இரட்டைவால் பூச்சிகள்

எங்கடீன் மலைப்பள்ளத்தாக்கு, ஆகஸ்ட் கடைசி

லதீனா,

நேற்று பனியாறு உருகி இறங்கும் இடத்துக்குப் போனேன். ஓடைக் கல்லை உதைத்துப் பூச்சியைக் கிளப்ப ஒருத்தி, நீரோட்டத்தில் கீழே வலை பிடிக்க ஒருத்தி என்று நாம் செய்த வேலையைத் தனியாகச் செய்தால் பாதிப் பூச்சி வலையை விட்டுப் போய்விடுகிறது. பழக்கத்தில் வால்நட் கேக்கில் பாதியை உனக்கு வெட்டிவைத்துவிட்டேன்.

ஓடையில் இப்போது பதினான்கு வகைப் பூச்சிகள். தண்ணீர் சூடேறியதும் மலையடியில் இருந்ததெல்லாம் மேலே குடியேறிவிட்டது. அலுவலகத்தில், "அடேயப்பா, வளம் கூடிடுச்சே!" என்று கை குலுக்குகிறார்கள்.

பனிநீரில் மட்டுமே பிழைக்கும் நம் இரட்டைவால் பூச்சி மூன்று கோடையாக ஒன்றுகூடச் சிக்கவில்லை.

நாம் கடைசியாகச் சேர்ந்து போன அன்று தட்டில் பதினொன்று நெளிந்தன. "ரெண்டையாவது தண்ணியில விடுடி, குடும்பம் நடத்தட்டும்," என்றாய்.

"எண்ணிக்கை குறைஞ்சா எவன் நம்புவான்? நீ வலையைப் பிடி, போதும்," என்று எல்லாவற்றையும் ஸ்பிரிட் குப்பியில் போட்டேன். நீ வலையைக் கல்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாய்.

குப்பியின் சீட்டில் 'பிடித்தவர்கள்' என்று நம் இருவர் பெயரையும் எழுதியிருந்தேன். விடச் சொன்னவள் நீ; இன்று உன் பெயரை அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கல்லை உதைத்தவள்