காய்ந்த கன்னம்

கடலூர் முதுநகர்,
அருளாண்டு 3, மார்கழி

அன்புள்ள லோகநாயகிக்கு,

நான் நலம். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? சிதம்பரத்திலும் பனி அதிகம் என்று பஸ் டிரைவர் சார்லஸ் சொன்னார். இதை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வேலை கடினமில்லை. அருளரசின் சட்டப்படி காலை வழிபாட்டில் எல்லோரும் அழ வேண்டுமல்லவா? ஒவ்வொருவர் கன்னத்திலும் தாளை ஒற்றி ஈரம் பார்க்கிறேன். வேதியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் இந்தப் பதவி. எனக்கே அழுகை வராததால் கைக்குட்டையில் சின்ன வெங்காயம் மடித்துக்கொள்வது உனக்குத் தெரியும்.

நேற்று ஒரு சிறு விஷயம் நடந்தது, பயப்படாதே. சின்னப்பிள்ளை என்ற மீனவப் பெண்ணின் கன்னத்தில் ஈரமில்லை.

"எம் புள்ளய கடல் கொண்டுபோனப்பவே அழுது தீத்துட்டேன் சார்," என்றாள். பிறகு மெல்லச் சிரித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒங்க கைக்குட்டையில வெங்காய வாசன அடிக்குது. எனக்கும் ஒரு துண்டு குடுங்களேன்," என்றாள்.

கொடுத்திருக்கலாம். மேற்பார்வையாளர் பின்னால் நின்றார். "காய்ந்த கன்னம்," என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அழாதவர்களை அடைத்துவைக்கும் திருத்தக்கூடத்துக்கு அவளை ஏற்றிப் போனார்கள். வண்டியில் ஏறும்போதுகூட என் கைக்குட்டையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

என் கண்ணீரை மெச்சி மேற்பார்வையாளர் அரைக் கிலோ சர்க்கரை தந்தார். அதைக் காபியில் போட எனக்குக் கை வரவில்லை.

சார்லஸ் ஹாரன் அடிக்கிறார். என் மப்ளரை மட்டும் கொடுத்தனுப்பு. போன முறை கேட்ட வெங்காயம் வேண்டாம். இன்று காலை அது இல்லாமலே அழுகை வந்தது.

உன்,
பச்சமுத்து