யன்னல் பக்கம் திரும்பி நின்ற ரீச்சர்

ரீச்சர்,

இன்று சீசாப் பகுதியில் நம் தமிழ்ச் சனம் கூடும் மண்டபத்தில் அலுமாரியைத் திறந்தேன். உங்கள் மார்க்கர் பேனையின் மூடி கழன்று கிடந்தது. அந்த மணத்தோடு பிளீச் மணமும் வந்தது. என் கையிலிருந்துதான் வந்திருக்கும். காலையில் ஒரு வீடு துடைத்துவிட்டு நேரே வந்திருந்தேன். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். இந்த இரண்டு மணமும் ஒன்றாய் வந்தால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்.

நீங்களும் கிழமை முழுக்க வீடு துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதப் பழக்க வருவீர்கள். அவர்களோ தமிழ் என்றாலே மேடைப் பேச்சுப் போல எழுதுவார்கள். ஒரு பிள்ளை வாசிக்கத் தொடங்கினால் நீங்கள் யன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுவீர்கள். தேத்தண்ணி ஊற்ற வந்த என்னை அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருத்துவீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாசித்தது என் கண்ணுக்குள் தெரிந்தால்தான் நீங்கள் இந்தப் பக்கம் திரும்புவீர்கள்.

அந்தப் பிள்ளைகளில் மதுரா, மொண்டெல்லோக் கடற்கரையைப் பற்றி வாசித்த நாள் நினைவிருக்கிறதா? "அலைகள் கரையை முத்தமிடுகின்றன" என்று தொடங்கினாள்.

"தங்கச்சி, உமக்கு என்ன தெரிஞ்சது?" என்று யன்னலைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"ஒண்டும் தெரியேல்லை ரீச்சர்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "மதுரா, கடைசியா எப்ப அங்கை போனனீ?"

"அம்மா ரெஸ்டோரண்டிலை சட்டி கழுவேக்கை. பின்கதவிலை நிண்டனான். அங்கையிருந்து கடல் தெரியாது ரீச்சர். மீன் பொரிக்கிற மணம்தான் வரும்."

"அதை எழுது. கேக்கிற ஆளின்ரை முகத்தைப் பாத்து எழுது."

அடுத்த கிழமை அவள் வாசித்தபோது அந்தக் கதவு எனக்குத் தெரிந்தது. நான் வாய் திறக்க முதலே நீங்கள் திரும்பிவிட்டீர்கள்.

போன மாதம், துடைக்கப் போன வீட்டுப் படிக்கட்டில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் எழுதக் கேட்டோம். போன கிழமை மதுரா வாசித்தாள். "ஆறாத் துயரில் எம்மை ஆழ்த்திச் சென்ற அன்புத் தெய்வமே." வாசித்து முடித்ததும் எல்லாரும் யன்னலைப் பார்த்தார்கள். கேள்வி வரவில்லை. இந்த மலருக்குள்ளும் நீங்கள் இல்லாமல் போய்விடுவீர்களோ என்று எனக்குப் பயம் வந்தது.

"ஒண்டும் தெரியேல்லை" என்றேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப என்னத்தை எழுதுறது அன்ரி?"

"கடைசியா ரீச்சரை எங்கை கண்டனீ?"

அவள் அழுதாள். "பஸ்ஸிலை. வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. பைக்குள்ளாலை ரப்பர் கையுறை எட்டிப் பாத்துக்கொண்டு இருந்தது. பாவமெண்டு எழுப்பேல்லை அன்ரி."

"அதை எழுது" என்றேன். சொன்னது என் வாய்தான், குரல் உங்களுடையது.

அவள் எழுதிக் கொடுத்தது மண்டபத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "வாயைத் திறந்து நித்திரை கொண்டதைப் போய் மலரிலை போடுறதோ? ஒரு மரியாதை வேண்டாமே?"

உங்கள் வீட்டுக்காரர் அந்தத் தாளை வாங்கி வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என்ரை மனுசி அப்பிடித்தான் நித்திரை கொள்ளுவா. போடுங்கோ."

எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுதான் இது. கேட்கிற ஆளின் முகத்தைப் பார்த்து எழுதச் சொன்னீர்கள். நான் கண்ணை மூடினால் உங்கள் முகம் வருகுதில்லை ரீச்சர். முதுகுதான் வருகிறது. சுவெற்றரின் பின்பக்கத்தில் பிரிந்து தொங்கும் அந்த ஒரு நூல், யன்னலுக்கு வெளியே கீழே துறைமுகத்துப் பக்கம் போகிற பஸ். வேலையிலும் வீட்டிலும் அந்த முதுகு என்னோடேயே வருகிறது.

எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்த முதுகுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

நீங்கள் இன்னும் திரும்பவில்லை. தாளைக் கிழித்துவிட்டு, முதலில் இருந்து எழுதுகிறேன்.