கண்ணாடிக்காரியும் இடது கரையும்

ஜூன் 2
பாசன ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதிக்குள் வாய்க்காலைத் தூர்வாரி முடிக்காவிட்டால் பொக்லைன் வருமாம். ஒன்பது பெண்கள் நாங்கள், இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. அது ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் எங்களை எவன் கூப்பிடுவான்?

இதற்குள் சுற்றுச்சூழல் சங்கத்திலிருந்து ஒரு கண்ணாடிக்காரி. "அக்கா, பொக்லைன் வந்தா ரெண்டு கரையையும் வழிச்சுடும். நாங்க மூணு பேர் உங்களோட இறங்கறோம்" என்கிறாள். நல்ல கூத்து! ஊர்வலத்தில் கோஷ அட்டை பிடிக்கிற கை மண்வெட்டி பிடிக்குமா?

ஜூன் 3
முழங்கால்வரை பூட்ஸ் போட்டு இறங்கினாள். ரெண்டாவது எட்டில் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, இவள் மட்டும் வந்தாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

ஜூன் 4
கூட வந்த இருவரைக் காணோம். சொன்னேனா இல்லையா?
கண்ணாடிக்காரி வந்தாள். வெறுங்காலோடு.

ஜூன் 6
சாப்பிடும்போது, "நீ ஏசி ரூம்ல இருந்தவதானே?" என்று வாயைக் கிளறினேன்.
"அஞ்சு வருஷமா எங்க சங்கத்து நாத்தங்கால்ல மண்ணு சுமக்கறேன்க்கா. நீங்களும் அட்டை பிடிக்கறவன்னுதான் நெனச்சீங்களா?"
குனிந்து சாப்பிட்டேன்.

இடது கரை நாணலை ஏன் வெட்டாமல் விடுகிறோம் என்று கேட்டாள். இந்த வருஷம் ஒரு கரை, அடுத்த வருஷம் மறுகரை என்றேன். ரெண்டையும் வெட்டினால் மீன்குஞ்சு எங்கே ஒதுங்கும்? மழைக்குக் கரையும் நிற்காது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். யாரும் இல்லை, ஒரு வருஷம் ரெண்டையும் வெட்டி, கரை சரிந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவள் அதையெல்லாம் எழுதிக்கொண்டாள். கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

ஜூன் 9
பாட்டில் துண்டு குத்தி, என் குதிகாலில் நாலு தையல். இன்னும் கால்வாசி வேலை கிடக்கிறது. இப்போதா இப்படி ஆகணும்? கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.
"நீங்க நெழல்ல இருந்து என் ஃபைலைப் பாத்துக்குங்க. உங்க எடத்துல நான் நிக்கறேன்" என்றாள்.

ஜூன் 12
முப்பது அடி பாக்கி. பொக்லைனோடு பெரிய பொறியாளரே வந்துவிட்டார். இதுவரை எங்களை நேரில் பார்க்காதவர். சலவைப் புடவையும் மடியில் ஃபைலுமாக நான் மட்டும் கரையில்.

"நீங்கதானே சுற்றுச்சூழல் மேடம்? ஏன் ஒரு பக்கம் வெட்டாம கெடக்கு? கூலியாளுங்களுக்கு என்ன தெரியும்! அதான் மெஷினைக் கூட்டிட்டு வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. கரை சரிந்த கதை, மீன்குஞ்சுக் கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குறித்துக்கொண்டார். "படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று மூன்று நாள் கூடுதலாக எழுதிக் கொடுத்தார். பிறகு கீழே, கழுத்துவரை சேறாக நின்றவளிடம், "ஏம்மா, என்ன வேடிக்கை? வேலையைப் பாரு!" என்றார்.
"சரிங்க சார்" என்று மண்வெட்டியை ஓங்கினாள். மற்ற எட்டுப் பேரும் முதுகைக் காட்டிச் சிரிப்பில் குலுங்கினார்கள்.

மனசு கேட்கவில்லை. "சார், நான் கூலியாளு. படிச்சவ கீழ நிக்கறா" என்றேன். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுதிக் கொடுத்த தாளைத் திரும்பக் கேட்காமல் காரில் ஏறினார். பொக்லைனும் பின்னாலேயே போனது.

ஜூன் 16
நேற்றே முடித்தோம். இன்று ஆபீஸ் உத்தரவு வந்தது. அடுத்த வாய்க்காலும் எங்களுக்குத்தான்! தாளில் என் பெயருக்கு எதிரே "ஆலோசகர்". கண்ணாடிக்காரி பெயர் கூலியாள் வரிசையில். தவறா, பொறியாளர் தெரிந்தே போட்டாரா?
"திருத்தச் சொல்லட்டுமா?" என்றேன்.
"எதுக்குக்கா? ரெண்டும் சரியாத்தானே இருக்கு."