சவுரி எனக்கு என்ன முறை?

7 ஜூன் 1993, திங்கள்

லீவு லெட்டர் திரும்பி வந்துவிட்டது. 14ஆம் தேதி படப்பையில் அண்ணன் கல்யாணம் என்று எழுதியிருந்தேன். மேனேஜர் ராஜகோபால் சார் கூப்பிட்டார். “ஏம்மா அமலா, பிப்ரவரியில ஒரு பிரதர் கல்யாணம், ஏப்ரல்ல ஒரு பிரதர் கிரகப்பிரவேசம். மொத்தம் எத்தனை பிரதர் உனக்கு?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “பதினேழு சார்” என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்! கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை என்பதையும் சொன்னேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. “அவங்கல்லாம் பிரதர் இல்லம்மா, கசின். மாத்தி டைப் பண்ணிக் கொண்டா” என்றார்.

மாற்றி அடித்துக் கொடுத்தேன். லீவு சாங்ஷன்.

8 ஜூன்

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் டிக்‌ஷனரியில் கசின் என்ற சொல்லைத் தேடினேன். கடைசிப் பக்கங்களில் உறவுமுறைக்கென்றே ஒரு படம் போட்டிருக்கிறான். பெரியப்பா பிள்ளையா, அத்தை பிள்ளையா, மாமா பிள்ளையா, ஒரு கேள்வியும் இல்லை. எல்லாரும் ஃபர்ஸ்ட் கசின். ஆணா பெண்ணா, பெரியவனா சின்னவனா, அதுவும் கிடையாது! கட்டிக்கொள்ளும் முறையா, அண்ணன் முறையா என்று அவனுக்குக் கவலையே இல்லை. ரெண்டு பேருடைய பாட்டிகள் அக்கா தங்கை என்றால் செகண்ட் கசின். அதற்கும் அப்பால் போனால் கிட்டத்தட்ட ஊரான்தான்.

என் ஆயாவும் சவுரியின் ஆயாவும் அக்கா தங்கை. அதனால் எங்கள் அம்மாக்களும் அக்கா தங்கை முறை.

ஆக சவுரி எனக்கு அண்ணன் இல்லை. செகண்ட் கசின்! செகண்ட் கசின்! பாத்ரூமுக்குப் போய்ச் சத்தம் வராமல் குதித்தேன்.

இரண்டு வருஷமாக இந்த நோட்டில்கூட அவன் பெயரை எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன். தாம்பரம் ஸ்டேஷனில் காலை ஏழு நாற்பது வண்டிக்கு அவன் படப்பை பஸ்ஸிலிருந்து ஓடி வருவான். கிண்டியில் எலக்ட்ரீஷியன். நான் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட வேண்டும். அந்த மூன்று நிமிஷம்தான் எங்களுக்கு. ‘அண்ணே’ என்று வாயில் வராது, பெயர் சொல்லவும் முடியாது. அதனால் அவனை எதுவுமே கூப்பிடாமல் பேசப் பழகிவிட்டேன்.

9 ஜூன்

வண்டியில் சொன்னேன். “அப்போ நாம யாரு?” என்றான். “இங்கிலீஷ்ல நாம யாருமே இல்ல” என்றேன். இவ்வளவு சந்தோஷமாக இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மீனம்பாக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஆபீஸுக்கு லேட்.

14 ஜூன், திங்கள்

சவுரியின் அண்ணன் கல்யாணம். கோயில் வாசலிலேயே சவுரியின் அப்பா, மிக்கேல் பெரியப்பா, எங்கப்பாவின் தோளில் கை போட்டு, “இன்னா மச்சான், இவ்ளோ லேட்டு? உங்க செம்பாக்கம் ஏரில தண்ணி கீதா?” என்று இழுத்துப் போனார். பெரியம்மா எனக்குப் பூ வைத்துவிட்டாள். சவுரி பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றான். என் இலையில் மட்டும் மூன்று கரண்டி. தடுத்து மாளவில்லை.

சந்தோஷமெல்லாம் பாயசம் வரைதான். பாயசத்தின்போது அம்மாவின் தம்பி, என் மாமா, எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். “அக்கா, அமலாவ எங்க ஏசுபாதத்துக்குக் குடுத்துடு. ஆவணில முடிச்சிடலாம்.” அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஏசுபாதம் என்னைப் பார்த்தான். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

17 ஜூன்

இது என்ன வேடிக்கை! அப்பா கோயிலுக்குப் போய் ஃபாதரிடமிருந்து ஒரு ஃபாரம் வாங்கி வந்தார். மாமா பிள்ளையைக் கட்ட வேண்டுமானால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். மிக நெருங்கின ரத்தமாம். ஃபாரம் இங்கிலீஷில் இருப்பதால், “நீயே டைப் அடிச்சிடும்மா” என்றார்.

அடித்தேன். மணமக்களுக்குள் உறவு: ஃபர்ஸ்ட் கசின்ஸ். கீழே நான் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

வீட்டில் சரி என்கிறவனுக்கு ஆயர் வரை போய் அனுமதி கேட்க வேண்டும். வீட்டில் கூடவே கூடாது என்பவனுக்கு ஒரு அனுமதியும் வேண்டாம். ஃபாதரிடம் தனியாகப் போய்க் கேட்டும்விட்டேன். “செகண்ட் கசினுக்குத் தடை இல்லை” என்றார். யாருக்காகக் கேட்கிறாய் என்று அவர் கேட்பதற்குள் ஓடி வந்துவிட்டேன்.

20 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன். பூசை முடிந்து வந்து, நானே டைப் அடித்த உறவுமுறைப் படத்தை அப்பா முன்னால் விரித்து வைத்தேன். இங்கே ஆயா, இங்கே அவன் ஆயா, இங்கே நான், இங்கே சவுரி. பாருங்கப்பா, செகண்ட் கசின், கோயிலே தடை இல்லன்னுது.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். “இங்கிலீஷ்ல அரிசியும் ரைஸு, சோறும் ரைஸு. அதுக்காக அரிசிய எலையில வெப்பியா?” என்றார்.

படத்தை மடித்து எடுத்துக்கொண்டேன்.

அம்மாதான் அழுதாள். “ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுல ஊட்டினேன்டி. எங்கக்கா புள்ளடி அவன். உனக்கு அண்ணன்டி.”

அண்ணன்னு எனக்குத் தோணவே இல்லியேம்மா. ஒரு நாள்கூடத் தோணல. நான் என்ன பண்ணட்டும்?

21 ஜூன்

அம்மா வழியனுப்ப வரவில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது.

27 ஜூன், ஞாயிறு

ஏசுபாதம் வந்தான். ஏரிக்கரை வரை நடந்தோம். முறைப்பையன் என்பதால் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை! விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கிறது. சண்டைக்கு வருவான் என்று பயந்தேன்.

“உன்ன கட்டிக்க எனக்கும் பயந்தான். சின்ன வயசுல கடிச்ச தழும்பு இன்னும் கீது” என்று முழங்கையைக் காட்டினான். “ஆசை இல்லன்னு சொல்ல மாட்டேன் அமலா. ஆனா உனக்கு இஷ்டமில்லாம எனக்கு இன்னாத்துக்கு? எங்கப்பா கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றான்.

இவனையும் சவுரியையும் இங்கிலீஷ்காரன் கசின் என்ற ஒரே சொல்லால் சொல்கிறான். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

4 ஜூலை, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும், ஒன்று விடக் கூடாது.

காலையில் மிக்கேல் பெரியப்பா வந்தார். தலை குனிந்திருந்தது. உட்காரவில்லை. “மன்னிச்சிடு மச்சான். எம்புள்ள இப்டி ஒரு பேஜார் பண்ணுவான்னு நெனைக்கல. அவன பம்பாய்க்கு அனுப்பிடறேன் மச்சான்” என்றார்.

பம்பாய்! ஆனால் அதற்குள் காது வேறு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். “பெரியப்பா, எங்கப்பாவ ஏன் மச்சான்னு கூப்பிடறீங்க?”

“இன்னா?”

“எங்கம்மாவும் பெரியம்மாவும் அக்கா தங்கச்சின்னா, எங்கப்பா உங்களுக்கு சகலைதானே? தம்பின்னுதானே கூப்பிடணும்?”

“மெட்ராஸ்ல எல்லாரும் எல்லாரையும் மச்சான்னுதான் கூப்புடறான். நீ உள்ள போ” என்றாள் அம்மா. நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா அம்மாவைக் கையமர்த்தினார். அந்தக் கை காற்றிலேயே நின்றது. “செல்லம்மா அத்தை” என்றார் மெதுவாக.

பெரியப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

அப்பாவின் அத்தை செல்லம்மாவை மிக்கேல் பெரியப்பாவின் சொந்தப் பெரியப்பாவுக்குத்தான் கொடுத்திருந்தார்களாம். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் இல்லை. அப்பா அப்போது பிறக்கவே இல்லை. பெண் கொடுத்த வீடு என்று தாத்தா அந்த வீட்டு ஆண்களை மச்சான் என்று கூப்பிட்டிருக்கிறார். அதைக் கேட்டு அப்பாவும், அதைக் கேட்டுப் பெரியப்பாவும். ஏன் என்பது மறந்துபோய் வெறும் சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது.

“அப்போ நீ எனக்கு அத்தை மவன் முறை” என்றார் அப்பா. “உம்புள்ள இவளுக்கு...”

மாமன் மகன்! மாமன் மகன்!! அப்பா முடிக்கவில்லை. நான் மனதுக்குள் முடித்துக்கொண்டேன்.

அம்மா விடவில்லை. “செத்தவங்கள வெச்சி இப்போ முறை பேசறீங்களா?”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். “வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எங்கத்தைக்கு நீதான மெழுகுவத்தி ஏத்தற தனம்? செத்துட்டா முறை போயிடுமா?”

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். வெகு நேரம் கழித்து மூன்று டம்ளர் காப்பி வந்தது.

5 ஜூலை

டிக்‌ஷனரியை மறுபடி புரட்டினேன். அப்பாவுடைய அத்தையின் கொழுந்தன் பேரனுக்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் இல்லை. அந்தப் படத்தில் செல்லம்மா அத்தைக்குக் கீழே ஒரு கோடுகூட வராது. அவளை எங்கேயும் மாட்ட முடியாது.

அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? ஒரு போட்டோகூட இல்லையாம்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

மாதா பண்டிகை. பம்பாய்ப் பேச்சை விட்டு அப்பாவும் பெரியப்பாவும் கல்யாணம் பேசி முடித்திருந்ததால், பூசைக்குப் பிறகு ஃபாதர் புது ஃபாரம் கொடுத்தார். மணமக்களுக்குள் உறவு: செகண்ட் கசின்ஸ் என்று அடித்தேன். அனுமதி தேவையில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் பெயரை முழுசாக, அமலோற்பவம் என்று, இடத்துக்கு வெளியேயும் போகும்படி போட்டேன். ஏசுபாதம்தான் சாட்சி. பேனாவும் அவனுடையதே.

அம்மா கோயிலில் என் பக்கத்தில் நின்றாள். ஆனால் சவுரியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சரி என்று சொல்லாமல் எனக்கு எதுவும் இறங்காது.

22 ஆகஸ்ட், ஞாயிறு

பெரியம்மா கொடுத்தனுப்பிய பலாப்பழத்தோடு சவுரி வந்தான். இருபத்தேழு வருஷமாக எங்கள் வீட்டுக்குள் வருவது போலவே, செருப்பை உதறிவிட்டு நேராகச் சமையலறை வாசலுக்குப் போய் நின்றான். ‘டேய் சவுரி, அத அங்க வெச்சிட்டுத் தட்ட எடுத்துக்கோடா’ என்பதுதான் வழக்கம்.

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வாங்க” என்றாள். “வந்து உக்காருங்க.”

யார் வந்திருக்கிறார்கள் என்று சவுரி பின்னால் திரும்பிப் பார்த்தான்.