கூகைக் குஞ்சுகளைத் திரும்பப் பிடித்துவந்த பிழை குறித்து முகிற்கோட்டைத் தலைவிக்கு

நலம் பெருகுக. மழை பிழையாத நெல்வளநாட்டை ஆளும் ஆதிமாற வல்லரையன், ஓராண்டுக் காவலுக்கென எல்லைக்குச் சென்று முகிற்கோட்டையின் தலைவியாகவே நிலைத்துவிட்ட நம் ஒரே மகள் நன்முகைக்கு விடுக்கும் ஓலை. உன் மதிலும் குடிகளும் குளத்து நீரும் குறைவின்றி விளங்குக.

சென்ற திங்களில் உன் அன்னை நம்மோடு பேசியதை முதலில் எழுதுகிறோம். களஞ்சியக் கோபுரத்தில் பொரித்த கூகைக் குஞ்சுகள் நான்கும் காணாமற்போயின. வழி தவறிவிட்டன, பிடித்து வருக என்று காவலரை ஏவினோம். அரசியார் அது கேட்டு நகைத்து, இறகு முளைத்த பறவையை ஆள் விட்டுத் தேடும் அரசரை இந்நாடு இப்போதுதான் காண்கிறது என்றார். எலிகளிடமிருந்து நெல்லைக் காக்க வேண்டாமா என்று சினந்தோம். தாங்கள் தேடுவது கூகையைத்தானா என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து சென்றார்.

காவலர் ஒன்றை ஏரிக்கரைப் பனையிலும், ஒன்றைக் கோயில் மாடத்திலும், மற்ற இரண்டை ஆற்றுக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலும் பிடித்து வந்து பழைய கூட்டில் விட்டனர். பெற்ற பறவைகளே அவற்றைக் கத்தி விரட்டின. முன்பு இரவெல்லாம் எலி கொணர்ந்து ஊட்டிய தாய், அலகு திறந்து கெஞ்சிய குஞ்சின்மேல் பாய்ந்ததைக் கண்டு, இதென்ன கொடுமை என்று வருந்தினோம். மறுநாள் அந்தியில் நான்கும் நான்கு திசையாய்ப் பறந்தன. தெற்கே போன குஞ்சு தங்கள் களத்துமேட்டில் தானே எலி பிடித்து உண்டதாகவும், இவ்வாண்டு தங்கள் நெல் தப்பும் என்றும் தென்திசைச் சிற்றூரார் சொல்லி அனுப்பினர். கேட்ட நமக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

உன்னை அழைத்துவர மூன்று முறை பல்லக்கு அனுப்பினோம். குளத்துக்குக் கரை முடியவில்லை என்று முதலிலும், கரை முடிந்தது மதகு முடியவில்லை என்று பிறகும், மீன் விட்டிருக்கிறேன் என்று மூன்றாம் முறையும் மறுமொழி தந்தாய். வெறும் பல்லக்கு திரும்பும்போதெல்லாம் உன்னை ஆணை மீறியவள் என்றே எண்ணினோம். இனிப் பல்லக்கு வராது. கோட்டை உன்னுடையது, அதன் வரியும் வழக்கும் உன் சொற்படி நடைபெறுக. இதற்கு நம் முத்திரையே சான்று.

ஆணை இவ்வளவே. முத்திரைக்குக் கீழே உள்ளதை உன் தந்தை எழுதுகிறேன். படையெடுப்புக்கும் திறைக்கும் அன்றி மன்னர் எல்லைக்கோட்டைக்குள் கால் வைப்பதில்லை என்பது நம் குல வழக்கம். கோட்டைக்கு உரியவர் விருந்துக்கு அழைத்தால் மட்டுமே அது விலகும். நீ போன நாள்முதல் கேட்க நினைத்துக் கேளாதிருந்ததை இன்று கேட்கிறேன். என்னை உன் வீட்டுக்கு அழைப்பாயா, அம்மா?